நிறமில்லாத குப்பிக்குள் ஒரு பூ: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில், அண்மைக் காலத்தில் பரவலாகிவரும் எளிமையான பூ வாசனைத் திரவியங்களைப் பற்றியவை தனிக் கற்றையாகச் சேர்ந்துவிட்டதால், இம்முறை அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த என் நாத்தனார் எனக்கு ஒரு சென்ட் பரிசளித்தார். பெட்டியில் பூவின் படம்கூட இல்லை. வெறும் கண்ணாடிக் குப்பி, உள்ளே தண்ணீர்போல நிறமற்ற திரவம். 'மலர் வகை' என்று குறிப்பில் இருக்கிறது. ஆனால் அடித்துப் பார்த்தால், துவைத்துக் காயவைத்த பருத்திச் சேலையின் வாசனையும், வெள்ளரிக்காய் நறுக்கிய கையின் வாசனையும்தான் வருகின்றன. இது பூ வாசனைதானா?
– வாசகி, திருச்சி

பதில்: பூ வாசனைதான். வெள்ளரியும் துவைத்த துணியும் உங்கள் மூக்கின் குழப்பம் அல்ல. இந்த வகைத் திரவியத்தைச் செய்பவர்கள் தெரிந்தே வைப்பவை. அவற்றை ஏன் வைக்கிறார்கள் என்பது விளங்க வேண்டுமானால், முன்பு மலர்த் திரவியத்தை எப்படிச் செய்தார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பிரெஞ்சு மலர்த் திரவியம் என்றாலே அது ஒரு பெரிய பூங்கொத்துதான். ரோஜாவும் மல்லிகையும் நடுவில் நிற்கும்; அடியில் சந்தனம், வெட்டிவேர், வெனிலா, கஸ்தூரி ஆகியவை கனமாகப் படிந்திருக்கும்; மேலே சுர்ரென்று மூக்கில் ஏறும் ஆல்டிஹைடுகள் என்னும் வேதிப்பொருள்கள். எர்னெஸ்ட் போ 1921இல் உருவாக்கிய சனெல் எண் 5 இந்த மரபின் தலைமகள். ஜெர்மேன் செல்லியே 1948இல் செய்த 'ஃப்ராகா' நிலசம்பங்கியை முன்னிறுத்தியது என்றாலும், அதுவும் அறை முழுவதையும் தனதாக்கிக்கொள்ளும் குரல் உடையது. 1985இல் டியோர் நிறுவனம் வெளியிட்ட 'பாய்சன்' வந்தபோது இந்தப் போக்கு உச்சத்தைத் தொட்டது. பூசியவர் லிஃப்டை விட்டு இறங்கிப் போன பிறகும் வாசனை இறங்காமல் உள்ளேயே நிற்கும்.

அதற்கான மறுவினை 1990களில் வெளிப்படையாகத் தெரிந்தது. ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாக்கேயின் பெயரில் ஜாக் கவாலியே 1992இல் செய்த 'லோ டிஸ்ஸே'யில் தாமரையும் லில்லியும் ஃப்ரீசியாவும் தண்ணீருக்கு அப்பால் நிற்பதுபோல் தோன்றும். அந்தத் தண்ணீரைக் கொடுப்பது கேலோன் என்னும் செயற்கைப் பொருள். 1966இல் ஃபைசர் மருந்து நிறுவனத்தின் வேதியியலாளர்கள் கண்டறிந்த அதைத் தனியாக முகர்ந்தால் தர்பூசணியும் கடற்காற்றும் சேர்ந்து வரும். நீர், ஈரம், வெள்ளரி என்று இன்று நாம் முகரும் பலவற்றுக்கும் இந்த வகைப் பொருள்களே வழி திறந்தன.

இந்தப் போக்கின் அழகு எதில் இருக்கிறது என்று என்னைக் கேட்டால், நான் காட்டுவது ஒலிவியா ஜியாகோபெட்டி 2000இல் ஃப்ரெடெரிக் மால் நிறுவனத்துக்காகச் செய்த 'ஆன் பசான்' என்பதைத்தான். 'போகிற போக்கில்' என்பது அந்தப் பெயரின் பொருள். இதன் கருப்பொருள் லைலாக். ஐரோப்பியத் தோட்டங்களில் வசந்தத்தில் ஊதாவாகவும் வெள்ளையாகவும் கொத்துக்கொத்தாகப் பூக்கும் பூ. அதிலிருந்து பயன்படுத்தத்தக்க தைலம் கிடைப்பதில்லை என்பதால் வாசனையை முழுவதும் கட்டித்தான் எழுப்ப வேண்டும். தோலில் அடித்தவுடன் நறுக்கிய வெள்ளரியின் ஈரப்பச்சை வருகிறது. அதற்குள்ளிருந்து லைலாக் மெல்லத் தெரிகிறது. கொத்தில் முகத்தைப் புதைத்தால் வரும் வாசனையாக அது இருப்பதில்லை, மழை விட்ட தெருவில் நடந்து போகையில் வேலிக்கு அந்தப் பக்கம் பூத்திருக்கும் கொத்திலிருந்து காற்றில் வரும் அளவுதான். பிறகு, யாரும் எதிர்பாராத விதத்தில், கோதுமை மாவின், இன்னும் வேகாத ரொட்டியின் சாயல் ஒன்று எழுகிறது. மற்றதெல்லாம் விலகி நிற்பதால்தான் அந்த ஒரு சிறு விவரம் நமக்குத் தெரிகிறது. பழைய பூங்கொத்துத் திரவியத்துக்குள் அதே கோதுமையைப் போட்டிருந்தால் அது காணாமல் போயிருக்கும்.

இனி துவைத்த சேலைக்கு வருகிறேன். இந்தத் திரவியங்களில் சந்தனமும் வெனிலாவும் இருந்த இடத்தில் பெரும்பாலும் செயற்கைக் கஸ்தூரிகள் இருக்கின்றன. மானின் கஸ்தூரிக்கு மாற்றாக உருவான இவை துணியை எளிதில் விட்டுப் போகாமலும், அலசினாலும் தங்கியும் நிற்பதால், சலவைத்தூள் நிறுவனங்கள் இவற்றை விரும்பி வாங்கிப் பயன்படுத்தின. அந்தத் துணிகளைக் கட்டி வளர்ந்த தலைமுறைகளுக்குக் கஸ்தூரி என்றாலே சுத்தம் என்று பதிந்துவிட்டது. முன்பு விலங்கின் வாடையாகவும் காமத்தின் குறியாகவும் கருதப்பட்ட ஒரு மணம், சோப்புக் கட்டியின் மணமாக மாறியது வாசனை வரலாற்றில் எனக்கு எப்போதும் வேடிக்கையாகத் தோன்றும் செய்தி. கச்சேரியில் தம்பூரா செய்யும் வேலையை இந்தக் கஸ்தூரி செய்கிறது: யாரும் அதைக் கேட்பதற்காக வருவதில்லை, ஆனால் அது நின்றால் மேலே பாடுகிறவருக்கு நிற்க இடமில்லை. உங்கள் குப்பியில் பாடுகிறவர் யார் என்று இன்னும் சில நாள் கவனித்துப் பாருங்கள். சேலையையும் வெள்ளரியையும் தாண்டி எதுவுமே தென்படவில்லை என்றால், உங்கள் நாத்தனாரின் மனம் நோகாமல் அதைத் தலையணை உறைக்குப் பயன்படுத்திவிடலாம்.

கேள்வி: நாங்கள் பரம்பரையாக அத்தர் பூசுகிறவர்கள். மல்லிகை அத்தரில் மல்லிகையும் சந்தனமும் தவிர வேறொன்றும் இல்லை. குறைவான பொருள்களில் செய்வதுதான் எளிமை என்றால், அந்த எளிமையை நம் நாட்டில் என்றோ கண்டுவிட்டார்களே? இதில் நவீனம் எங்கே வந்தது?
– வாசகர், காயல்பட்டினம்

பதில்: நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் மரபு வழியில் செய்யப்படும் 'மோதியா' அத்தரில், செம்புப் பானையில் நீரோடு சூடேறும் மல்லிகையின் ஆவி மூங்கில் குழாய் வழியே இறங்கி, இன்னொரு கலத்தில் இருக்கும் சந்தன எண்ணெயில் கலக்கிறது. அதே எண்ணெயின் மேல் மறுநாளும் அதற்கடுத்த நாளும் புதுப் பூவின் ஆவி ஏற்றப்படுகிறது. பொருள் எண்ணிக்கையைக் கொண்டு பார்த்தால் உலகத்திலேயே இதைவிடச் சுருக்கமான மலர்த் திரவியம் அரிது.

ஆனால் பொருள் குறைவாக இருப்பதும் வாசனை இலேசாக இருப்பதும் வேறு வேறு. அத்தரில் பூவைத் திரும்பத் திரும்ப ஏற்றி அடர்த்தியாக்குகிறார்கள். சந்தனம் அதை நெருக்கமாகப் பிடித்துவைக்கிறது. ஒரு சொட்டை மணிக்கட்டில் தொட்டால் பகல் முழுக்கத் தோலோடு ஒட்டி நிற்கிறது. நவீன எளிய திரவியத்தில் வடிவமைப்பவர் தேடுவது பூவுக்கும் மூக்குக்கும் நடுவில் உள்ள தூரத்தை. அதற்கு இருபது முப்பது பொருள்கள் தேவைப்படலாம். அவற்றில் பல, மற்றவற்றை விலக்கி நிறுத்துவதற்காகவே சேர்க்கப்படுபவை. 2004 முதல் 2016 வரை எர்மெஸ் நிறுவனத்தின் வாசனை வடிவமைப்பாளராக இருந்த ழான்-குளோது எலெனா இந்த வழியின் முதன்மையான பெயர். ஆயிரத்துக்கு மேற்பட்ட மூலப்பொருள்கள் கைக்கெட்டும் தொழிலில், அவர் தம் மேசையில் ஏறத்தாழ இருநூறை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றின் சேர்க்கைகளிலிருந்தே மற்றவற்றின் தோற்றத்தை வரவழைத்தவர். எது உயர்ந்தது என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் மார்கழி மாத அதிகாலைக்கு என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அத்தரையே எடுப்பேன்.

கேள்வி: 'ஜாஸ்மின்' என்று பெயரிட்ட எத்தனையோ சென்ட்களை வாங்கிப் பார்த்துவிட்டேன். ஒன்றுகூடத் தலையில் வைத்த மல்லிகைப் பூவின் வாசனையைத் தரவில்லை. அண்மையில் வாங்கியது எலுமிச்சை கலந்த காற்றுபோல இருக்கிறது. மல்லிகையை உண்மையாகவே போடுகிறார்களா, இல்லையா?
– வாசகி, மதுரை

பதில்: மதுரையில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டால், எந்த வாசனை வடிவமைப்பாளரும் சற்றுத் தயங்கித்தான் பதில் சொல்வார். முதலில் பூ எது என்று பார்ப்போம். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற உங்கள் ஊர் மல்லி, தாவரவியலில் 'ஜாஸ்மினம் சம்பாக்'. பிரான்சின் கிராஸ் நகரைச் சுற்றி வாசனைத் தொழிலுக்காக வளர்க்கப்பட்டதோ 'ஜாஸ்மினம் கிராண்டிஃப்ளோரம்'. நாம் பிச்சி என்றும் ஜாதிமல்லி என்றும் சொல்லும் இனம். பிரெஞ்சுத் திரவியத்தில் 'ஜாஸ்மின்' என்று சொல்லப்பட்டது நெடுங்காலமாகப் பிச்சிதான். பிச்சியில் பழச்சாயலும் தேன்சாயலும் மிகுதி. மல்லியில் பச்சை வாடை மிகுதி. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதில் பாதிக் குழப்பம் தொடங்கிவிடுகிறது.

இரண்டாவது, எடுக்கும் முறை. மல்லிகையைக் கொதிநீராவியில் காய்ச்சினால் அதன் நுட்பம் போய்விடும் என்பதால், ஆலைகளில் ஹெக்சேன் போன்ற கரைப்பானில் ஊறவைத்து மெழுகு போன்ற ஒரு பொருளை எடுத்து, அதை ஆல்கஹாலில் கழுவி, 'அப்சல்யூட்' எனப்படும் அடர்ந்த சாற்றைப் பிரிக்கிறார்கள். தமிழ்நாட்டில் சத்தியமங்கலம், கோவை, திண்டுக்கல் வட்டாரப் பூக்களிலிருந்து இவ்வாறு எடுக்கப்படும் சாறு பிரான்சுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறது. உலகின் பெயர்பெற்ற பல திரவியங்களுக்குள் நம் ஊர்ப் பூ இருக்கிறது. காலையில் மொட்டாக வந்து சேரும் மல்லியை ஆலையில் பரப்பிவைத்து, இரவில் அது விரிந்த பிறகே கரைப்பானில் இடுவார்கள். மொட்டுக்குள் வாசனை இன்னும் உருவாகியிருக்காது என்பதுதான் காரணம். ஒரு கிலோ சாற்றுக்கு அரை டன்னுக்கும் மேற்பட்ட பூ தேவைப்படுகிறது. அந்தச் சாற்றைக் குப்பியில் முகர்ந்தால் கருஞ்சிவப்பாக, சாராயம்போல, தேயிலைபோல, சற்றே அழுகலாகக்கூட இருக்கும். தலையில் வைத்த சரத்தின் குளிர்ச்சி அதில் இராது.

அழுகல் என்று சொன்னதற்குக் காரணமான பொருள் இண்டோல். தனியாக முகர்ந்தால் பாச்சை உருண்டை வாசனை; மிகுந்தால் விலங்கு வாடை. மல்லிகை, நிலசம்பங்கி, நாரத்தைப் பூ போன்ற வெள்ளைப் பூக்களின் மயக்கத்தில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. முதல் நாள் இரவு சூடிய சரத்தை மறுநாள் காலையில் எடுக்கும்போது, பூ பழுத்து எழும் அந்தக் கனத்த வாசனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நவீன எளிய மலர்த் திரவியம் முதலில் வெளியே தள்ளுவது இந்த இண்டோலைத்தான். அதைத் தள்ளிய பிறகு மல்லிகையில் எஞ்சுவது ஒளியும் காற்றும்.

அந்த ஒளிக்கு ஒரு பெயர் உண்டு: ஹெடியோன். ஜெனீவாவின் ஃபிர்மெனிச் நிறுவனத்தில் எடுவார் தெமோல் என்ற வேதியியலாளர் மல்லிகையின் கூறுகளை ஆராய்ந்தபோது உருவான பொருள் இது. எட்மண்ட் ருட்னிட்ஸ்கா 1966இல் டியோருக்காகச் செய்த 'ஓ சவாஜ்' என்னும் திரவியத்தில் இதைப் பயன்படுத்திய பிறகு தொழில் முழுவதும் பரவியது. தனியாக முகர்ந்தால் சிலருக்கு வாசனையே தெரியாது. தெரிந்தவர்கள் எலுமிச்சைச் சாயலுள்ள, கண்ணுக்குத் தெரியாத மல்லிகை என்பார்கள். மற்றப் பொருள்களோடு சேர்ந்தால் அவற்றுக்கு இடையே காற்றோட்டம் வந்ததுபோல் இருக்கும். உங்கள் குப்பியில் இருக்கும் 'எலுமிச்சை கலந்த காற்று' அநேகமாக இதுவே.

தலையில் இருக்கும் பூவின் வாசனையை அப்படியே பிடிக்க முடியாதா என்றும் அடுத்துக் கேட்பீர்கள். செடியிலிருக்கும் பூவின் மேல் கண்ணாடிக் கூண்டைக் கவிழ்த்து, அது விடும் ஆவியை உறிஞ்சியெடுத்துப் பகுத்தாயும் முறை 1970களிலிருந்து வளர்ந்திருக்கிறது. ஜிவோடான் நிறுவனத்தின் ரோமன் கைசரும், அமெரிக்காவின் ஐ.எஃப்.எஃப். நிறுவனத்தில் பணியாற்றிய இந்தியரான பிரஜா முகர்ஜியும் இதில் முன்னோடிகள். செடியில் நிற்கும் பூவும் பறித்த பூவும் ஒரே வாசனையை விடுவதில்லை என்பதை முகர்ஜியின் ஆய்வுகள் காட்டின. ஆனால் சரத்தில் பூ மட்டும் இல்லையே. ஈர வாழைநார், தேங்காய் எண்ணெய் தடவிய கூந்தல், சூடு எல்லாம் சேர்ந்ததுதான் நீங்கள் தேடுவது. பாரிசில் இருக்கும் வடிவமைப்பாளருக்கு அந்த நினைவு இல்லை. அதை அவர் போடவில்லை என்று கோபிக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: இந்த வகை சென்ட் எனக்குப் பத்து நிமிடம்கூட நிற்பதில்லை. ஆனால் அலுவலகத்தில் பக்கத்தில் இருப்பவர் மாலை வரை வாசனை வருகிறது என்கிறார். ஓ த துவாலெத்துக்குப் பதிலாக ஓ த பர்ஃபம் வாங்கினால் சரியாகிவிடுமா?
– வாசகர், சென்னை

பதில்: சரியாகாமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். ஓ த பர்ஃபம் என்றால் வழக்கமாக 15 முதல் 20 விழுக்காடு வரையிலும், ஓ த துவாலெத் என்றால் 5 முதல் 15 விழுக்காடு வரையிலும் வாசனைச் சேர்மம் இருக்கும்; இவை தொழிலின் வழக்கம், சட்டத்தின் வரையறை அல்ல. எளிய மலர்த் திரவியம் இலேசாகத் தெரிவது பெரும்பாலும் அதன் கட்டுமானத்தால். ஆல்கஹாலில் கரைத்த அளவு குறைந்ததால் அல்ல. அடர்த்தியான ஓ த பர்ஃபமாக இருந்துகொண்டே மெல்லிசாகப் பேசும் திரவியங்கள் பல உண்டு.

உங்கள் சிக்கல் மூக்கில் இருக்கிறது. இடைவிடாமல் வரும் ஒரே வாசனையை மூளை சில நிமிடங்களில் புறக்கணிக்கத் தொடங்கிவிடும் என்பது எல்லாருக்கும் பொது. அதற்கு மேல், கஸ்தூரிப் பொருள்களில் ஒன்றோ இரண்டோ பிறவியிலேயே தெரியாதவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். ஒரு கஸ்தூரி தெரியாதவருக்கு இன்னொன்று நன்றாகத் தெரியலாம். வயலட் பூவின் வாசனையைத் தரும் பீட்டா-அயனோன் என்ற பொருளின் நிலை இன்னும் தெளிவாக அறியப்பட்டிருக்கிறது: மூக்கின் ஒரு குறிப்பிட்ட மரபணு எந்த வடிவில் இருக்கிறது என்பதைப் பொறுத்து, ஒருவருக்கு அது மலராகவும் இன்னொருவருக்குப் புளிப்பு வாடையாகவும் தெரிகிறது. கனமான பழைய திரவியத்தில் ஒரு பொருள் தெரியாமல் போனாலும் மற்றவை ஈடுசெய்துவிடும். ஐந்தாறு தூண்களில் நிற்கும் திரவியத்தில் ஒரு தூண் உங்களுக்குத் தெரியாவிட்டால் கூரையே காணாமல் போகிறது.

ஆகவே, வாசனை போய்விட்டதென்று எண்ணி மேலும் மேலும் அடித்துக்கொள்ளாதீர்கள். பக்கத்து நாற்காலிக்காரர் பாவம். சட்டைக் கழுத்தின் உட்புறம் இரண்டு முறை அடித்தால் போதும்.

கேள்வி: இங்கே மே 1 அன்று தெருவெங்கும் 'முகே' என்னும் சிறு வெள்ளைப் பூவைக் கொத்தாக விற்கிறார்கள். அந்தப் பெயரில் வாங்கிய சென்ட் பெட்டியில் லினலூல், ஜெரானியால், ஹைட்ராக்ஸிசிட்ரொனெல்லால் என்று வேதிப் பெயர்கள்தான் இருக்கின்றன. பூவே இல்லாத பூ சென்டா? ஏமாற்றா?
– வாசகி, பாரிஸ்

பதில்: ஏமாற்று இல்லை. முகே பூவிலிருந்து தொழிலுக்குப் பயன்படும் தைலத்தை யாராலும் எடுக்க முடியவில்லை என்பதால், முகே என்று பெயரிட்ட எந்தத் திரவியமும் கட்டி எழுப்பப்பட்டதுதான். 'டியோரிஸிமோ' என்னும் புகழ்பெற்ற முகே திரவியத்தை 1956இல் செய்த ருட்னிட்ஸ்கா, கிராஸுக்கு அருகே கப்ரி என்ற ஊரிலிருந்த தம் தோட்டத்தில் அந்தப் பூவை வளர்த்து, உயிருள்ள பூவை முகர்ந்து முகர்ந்து அதை உருவாக்கினார். அக்காலத்தில் இனிப்பும் பிசுபிசுப்பும் ஏறிப்போன திரவியங்கள் மீது அவருக்கு இருந்த வெறுப்பு வெளிப்படையானது. பட்டியலைக் குறைத்துத் துலக்கமாகச் செய்ய வேண்டும் என்று அவர் வாதிட்டதை எலெனா தலைமுறை பாடமாகவே எடுத்துக்கொண்டது. எளிய மலர்த் திரவியம் என்ற எண்ணம் முகேயிலிருந்து பிறந்தது என்று நான் சொல்வது இதனால்தான்: சாறு தராத பூ, வடிவமைப்பவரைப் பூவைச் சுற்றியுள்ள காற்றைப் பார்க்க வைத்தது.

பெட்டியில் இருக்கும் பெயர்கள், ஒவ்வாமை தரக்கூடியவை என்பதற்காக ஐரோப்பியச் சட்டம் எழுதச் சொல்பவை. முன்பு 26 பொருள்களுக்கு இருந்த இந்தக் கட்டாயம், 2023இல் வந்த விதியால் ஏறத்தாழ 80 பொருள்களுக்கு விரிந்திருக்கிறது. லினலூல் என்று இருந்தால் ஆலையில் செய்தது என்று முடிவு கட்ட முடியாது. லவெண்டரிலும் மல்லிகையிலும் கொத்தமல்லி விதையிலும் அது இயற்கையாகவே இருக்கிறது. மாறாக, முகே வாசனைக்குப் பெரிதும் கைகொடுத்த லிலியல் என்ற பொருளை, இனப்பெருக்கத்துக்குத் தீங்கு தரலாம் என்ற காரணத்தால் ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் 1 முதல் அழகுப்பொருள்களில் தடை செய்துவிட்டது. லைரல் என்னும் இன்னொன்று, ஒவ்வாமை காரணமாக, அதற்கு முன்பே விலக்கப்பட்டது. பழைய முகே திரவியம் முன்போல் இல்லை என்று யாராவது வருத்தப்பட்டால், அவர் நினைவு பொய் சொல்லவில்லை. தோல் எளிதில் தடிப்பவராக இருந்தால் முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு வைத்து ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

கேள்வி: ஆண்கள் இந்த மாதிரி பூ சென்ட் போடலாமா?
– வாசகர், சேலம்

பதில்: ஹெடியோனை உலகுக்கு அறிமுகப்படுத்திய 'ஓ சவாஜ்' ஆண்களுக்காக விற்கப்பட்ட திரவியம். 1994இல் கால்வின் கிளைன் வெளியிட்ட 'சி.கே. ஒன்' இருபாலருக்கும் என்றே விளம்பரப்படுத்தப்பட்டது. நீங்கள் பல ஆண்டுகளாகப் பூ வாசனை பூசிக்கொண்டிருக்கவும் கூடும். குப்பியின் நிறம்தான் நீலமாக இருந்திருக்கும்.

கேள்வி: பொருள்கள் குறைவு என்றால் விலையும் குறைய வேண்டாமா? ஒரே ஒரு வேதிப்பொருளை ஆல்கஹாலில் கரைத்து ஆயிரக்கணக்கில் விற்கிறார்களாமே?
– வாசகர், ஈரோடு

பதில்: நீங்கள் குறிப்பிடுவது கெஸா ஷோன் 2006இல் வெளியிட்ட 'மாலிக்யூல் 01' ஆக இருக்க வேண்டும். அதில் ஐசோ ஈ சூப்பர் என்ற மரவாசனைப் பொருள் ஒன்று மட்டுமே உண்டு, மலர் கிடையாது. ஒரு சோதனையாக அது முக்கியமானது. தொழிலில் பின்னணியில் மட்டும் இருந்த ஒரு பொருளை மேடையில் தனியாக நிறுத்திக் காட்டியது. அந்தச் சோதனையை ஒருமுறை கடையில் முகர்ந்து பார்த்தால் போதும் என்பது என் கருத்து. அதற்காகக் குப்பி வாங்க நான் சொல்ல மாட்டேன்.

பல பொருள்கள் கூடிய திரவியத்துக்கு இந்த வாதம் பொருந்தாது. பொருள் குறையக் குறைய, ஒவ்வொன்றின் தரமும் வெளியே தெரியும்; மட்டமான ரோஜாச் சாற்றைப் பெரிய பூங்கொத்தில் ஒளித்துவிடலாம், இங்கே ஒளிக்க இடமில்லை. அதே நேரத்தில், விலையில் பெரும்பகுதி குப்பிக்கும் விளம்பரத்துக்கும் கடை வாடகைக்கும் போகிறது என்பதும் உண்மை. வெண்மையான பெட்டியும் சிறிய எழுத்தும் இருப்பதாலேயே உள்ளே இருப்பது சிந்தித்துச் செய்ததாகிவிடாது. ஹெடியோனையும் சலவைக் கஸ்தூரியையும் கலந்து, ஒரு துளி செயற்கை ரோஜாவைச் சேர்த்து, 'தூய்மை' என்று பெயரிட்டு விற்பவை இன்று ஏராளம்.

கேள்வி: அப்படியானால் கடையில் நின்று நல்லதை எப்படித் தேர்ந்தெடுப்பது? வீட்டில் எப்படிப் பாதுகாப்பது?
– வாசகி, கோவை

பதில்: காகிதப் பட்டையில் முகர்ந்து முடிவெடுக்காதீர்கள். காகிதத்தில் எல்லா எளிய திரவியங்களும் ஏறத்தாழ உடன்பிறப்புகள்போல் இருக்கும். ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு கையிலும் ஒன்று அடித்துக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். குளிரூட்டிய கடையில் இலேசாகத் தெரிந்தது கோவை வெயிலில் வேறாக இருக்கும்; சூட்டில் மேலடுக்கு விரைவில் ஆவியாகிவிடுவதால், அடியில் என்ன வைத்திருக்கிறார்கள் என்பது சீக்கிரம் தெரிந்துவிடும்.

இரண்டு மணி நேரம் கழித்து முகர்ந்து, முதல் பதிலில் நான் சொன்ன அந்த ஒரு விவரத்தைத் தேடுங்கள். அது கோதுமையாக இருக்கலாம், கிள்ளிய காம்பின் பச்சையாக இருக்கலாம், பேரிக்காயின் தோலாக, மிளகின் காரமாக, ஈர மண்ணாக இருக்கலாம். அதற்கு உங்களால் ஒரு பெயர் சொல்ல முடிந்தால் அந்தத் திரவியத்துக்கு ஒரு முகம் இருக்கிறது. 'சுத்தமாக இருக்கிறது', 'நன்றாக இருக்கிறது' என்பதற்கு மேல் எதுவும் சொல்லத் தோன்றவில்லை என்றால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம். பிடித்துப்போனால் முதலில் சிறிய அளவை வாங்குங்கள்.

பாதுகாப்பதில் இந்த வகைக்குச் சற்றுக் கூடுதல் கவனம் தேவை. நிறமற்ற கண்ணாடியில் வருவதால் வெளிச்சம் நேராக உள்ளே போகிறது. கண்ணாடி மேசையில் அழகுக்கு நிறுத்திவைக்கும் வழக்கத்தையும், குளியலறை அலமாரியையும் விட்டுவிடுங்கள். பெட்டியோடு, துணி அலமாரியின் அடித்தட்டில், சமையலறைச் சுவர் பக்கம் இல்லாத இடத்தில் வையுங்கள். திரவம் மஞ்சளானால் உடனே கொட்ட வேண்டாம். இயற்கைச் சாறு இருந்தால் நிறம் மாறுவது இயல்பு. அடித்தவுடன் வார்னிஷ் வாடை தூக்கலாக வந்தால்தான் அதன் காலம் முடிந்தது என்று பொருள்.